ஜெஃபர்சனின் கணக்கேடுகளும் சாலி ஹெமிங்ஸின் பிள்ளைகளும்

தாமஸ் ஜெஃபர்சன் கைப்பட எழுதி வந்த பண்ணைப் பதிவேட்டில், 1810-ஆம் ஆண்டுக்கான அடிமைகளின் பட்டியலில், ஐந்து வரிகள் அடுத்தடுத்து வருகின்றன. சாலி 73, பெவர்லி 98, ஹாரியட் 01, மாடிசன் 05, எஸ்டன் 08. பெயருக்குப் பக்கத்தில் இருப்பவை பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள். தாய் மேலே, பிள்ளைகள் கீழே. தந்தை என்று யாருடைய பெயரும் இல்லை. யாருக்குப் போர்வை கொடுப்பது, எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு மாவு அளப்பது என்பதற்காக வைத்துக்கொண்ட பதிவேடு அது. அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதியவரும் அந்நாட்டின் மூன்றாவது குடியரசுத் தலைவருமான ஒருவரின் வாழ்க்கை வரலாற்றைத் திருத்தி எழுத வைத்த ஆவணங்களில் அதுவும் ஒன்று.

நான் கணக்குத் தணிக்கையில் பிழைப்பை நடத்தியவன். வரலாற்று நூல்களைப் படிக்கும்போதும் ஆசிரியரின் நடையைவிட, இந்தச் செய்தி எந்தப் பதிவிலிருந்து வந்தது, அந்தப் பதிவை வேறு எதனுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதில்தான் என் கண் போய் நிற்கும். அந்தப் பழக்கத்தோடு படிப்பவனுக்கு, ஜெஃபர்சன் – சாலி ஹெமிங்ஸ் விவகாரத்தைப் போன்ற இன்னொரு கோப்பு கிடைப்பது அரிது. தன் அடிமையான சாலியின் பிள்ளைகளுக்கு ஜெஃபர்சன்தான் தந்தையா என்பது பற்றி ஏறத்தாழ 200 ஆண்டுகள் நடந்த வழக்கு அது. அதைத் தீர்க்கத் தேவைப்பட்ட ஆவணங்களில் பெரும்பாலானவை, 1998-ல் மரபணுச் சோதனை நடப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வாளர்களின் மேசை மீது இருந்தன. எந்த வாக்குமூலத்தைச் சரிபார்ப்பது, எதை அப்படியே ஏற்பது என்பதில்தான் தவறு நடந்தது.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். சாலி ஹெமிங்ஸ் 1773-ல் பிறந்தவர். தாய் எலிசபெத் ஹெமிங்ஸ் ஓர் அடிமை. தந்தை ஜான் வேல்ஸ் என்ற வர்ஜீனியா நிலக்கிழார். அந்த ஜான் வேல்ஸ், ஜெஃபர்சனின் மாமனார். ஆக, ஜெஃபர்சனின் மனைவி மார்த்தாவுக்குச் சாலி, தந்தை வழியில் தங்கை முறை ஆகிறார். வேல்ஸ் இறந்தபின் எலிசபெத்தும் அவருடைய பிள்ளைகளும் சொத்தோடு சொத்தாக ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணைக்கு வந்து சேர்ந்தனர். 1782-ல் மார்த்தா இறந்தார். ஜெஃபர்சன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1784-ல் அவர் பாரிசுக்குப் போனார். பின்னர் அங்கே அமெரிக்கத் தூதர் ஆனார். 1787-ல் தன் இளைய மகளை அங்கே வரவழைத்தபோது, அந்தச் சிறுமிக்குத் துணையாகக் கப்பலில் அனுப்பப்பட்டவர் 14 வயதுச் சாலி. லண்டனில் அவர்களை வரவேற்ற, அங்கே அமெரிக்கத் தூதராக இருந்த ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகேல் ஆடம்ஸ், எதிர்பார்த்த வயதான தாதி உடல்நலமின்றி வரவில்லை என்றும், கூட வந்திருக்கும் பெண்ணுக்குப் பதினைந்து, பதினாறு வயது இருக்கலாம் என்றும் ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதினார். சாலி எழுதிய ஒரு கடிதமும் கிடைக்கவில்லை, படமும் இல்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்தவை எல்லாம் இப்படி அடுத்தவர் எழுத்தில் வழிப்போக்காகச் சிந்தியவைதாம்.

ஜெஃபர்சனோ இதற்கு நேர்மாறு. தன் வாழ்நாளில் சுமார் 19,000 கடிதங்கள் எழுதியவர். அவற்றுக்கு நகல் எடுத்து வைத்தவர். எந்தக் கடிதம் என்று போனது, எது என்று வந்தது என்று பல ஆண்டுகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தவர். வெப்பநிலையைக் குறித்தார், தோட்டத்தில் எந்த நாளில் பட்டாணி காய்த்தது என்பதைக் குறித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றாடச் செலவுக் குறிப்பேடு ஒன்றைப் பல பத்தாண்டுகள் விடாமல் எழுதினார். படகுத் துறையில் கொடுத்த கூலி, வழியில் தங்கிய விடுதிக்குக் கொடுத்த பணம், வேலையாளுக்குக் கொடுத்த சில்லறை வரை அதில் இருக்கின்றன. பாரிசில் சாலிக்கு அம்மை குத்திய மருத்துவருக்கு 1787 நவம்பரில் கொடுத்த 240 லிவ்ரும் (அன்றைய பிரெஞ்சுப் பணம்), 1789-ல் அவருக்குத் துணி எடுத்த செலவும், இடையிடையே கொடுத்த சம்பளமும் அந்தக் குறிப்பேட்டில்தான் உள்ளன. இவ்வளவையும் சேர்த்து வைத்தவர், மனைவியோடு பரிமாறிய கடிதங்களை மட்டும் அழித்துவிட்டார். அந்தரங்கம் என்று அவர் நினைத்தது காகிதத்தில் தங்காது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆகவே, "இப்படி ஓர் உறவு இருந்திருந்தால் அவருடைய கடிதங்களில் ஏதாவது ஒரு குறிப்பு இருந்திருக்குமே" என்ற வாதத்தை நான் ஒருபோதும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

குற்றச்சாட்டு அச்சேறியது 1802 செப்டம்பர் 1 அன்று, ரிச்மண்ட் நகரத்து 'ரெக்கார்டர்' என்ற பத்திரிகையில். எழுதியவர் ஜேம்ஸ் காலண்டர். ஒருகாலத்தில் ஜெஃபர்சனின் அரசியல் எதிரிகளைத் திட்டி எழுதி, அதற்காகச் சிறை சென்று, ஜெஃபர்சனிடமிருந்து பண உதவியும் பெற்றவர். ஜெஃபர்சன் பதவிக்கு வந்ததும் ரிச்மண்ட் அஞ்சல் அதிகாரி வேலையைக் கேட்டார், கிடைக்கவில்லை, திரும்பிக் கொத்தினார். இப்படிப்பட்டவரின் சொல்லை யார் நம்புவார் என்று பிற்கால வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலை கிடைக்காத கோபத்தில் மொட்டைக் கடுதாசி எழுதுபவன் சொல்வதெல்லாம் பொய்யாக இருப்பதில்லை என்பதைத் தணிக்கைக்காரர்கள் அறிவார்கள். உள்நோக்கம் உள்ள புகாரைத் தூக்கி எறிய முடியாது; தனியாகச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவே. காலண்டர் அடுத்த ஆண்டே ஜேம்ஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார். ஜெஃபர்சன் பொதுவெளியில் இதற்கு மறுப்பு எழுதவில்லை.

மறுப்பு வந்தது பேரப்பிள்ளைகளிடமிருந்து, அதுவும் ஜெஃபர்சன் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனபின். 1858-ல் பேத்தி எலன் கூலிட்ஜ் தன் கணவருக்கு எழுதிய கடிதத்தில், சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெஃபர்சனின் சகோதரி மகனான சாமுவேல் கார் என்று கைகாட்டினார். அவருடைய உடன்பிறந்த அண்ணன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃபோ, சாமுவேலின் அண்ணன் பீட்டர் கார்தான் தந்தை என்று சொன்னதாக, ஜெஃபர்சனின் வாழ்க்கை வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிய ஹென்றி ராண்டல் பதிவு செய்திருக்கிறார். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும், ஒரே செய்தியைச் சொல்லும்போது, ஆளுக்கொரு பெயரைச் சொல்கிறார்கள். ஒரு ரசீதில் இரண்டு வேறு கையொப்பங்கள் இருந்தால் எந்த எழுத்தரும் அதை ஒதுக்கி வைப்பார். ஆனால் "கார் சகோதரர்களில் ஒருவர்" என்று பொதுவாக எழுதி, இந்த முரண்பாட்டைக் கடந்து போனவர்கள் 20-ஆம் நூற்றாண்டில் பலர்.

ராண்டல் 1868-ல் ஜேம்ஸ் பார்ட்டன் என்ற இன்னொரு வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கு எழுதிய அந்தக் கடிதத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். சாலியின் பிள்ளைகளின் சாயல் ஜெஃபர்சனை உரித்து வைத்ததுபோல் இருந்ததை ராண்டால்ஃப் ஒப்புக்கொள்கிறார். மாலை மங்கலில், சற்றுத் தொலைவிலிருந்து பார்த்தால், அவர்களில் ஒருவரை ஜெஃபர்சன் என்றே நினைத்துவிடலாம் என்கிறார். அதன்பிறகு வருவதுதான் முக்கியம். ஜெஃபர்சனின் மூத்த மகள் மார்த்தா ராண்டால்ஃப், தன் இறுதிக் காலத்தில் இரண்டு மகன்களை அருகில் அழைத்து, அந்தச் சாயல் மிகுதியாக உள்ளவன் பிறந்த தேதியைப் பதிவேட்டில் பார்க்கச் சொன்னாராம். அந்தப் பிறப்புக்கு முந்தைய 15 மாதங்கள் ஜெஃபர்சனும் சாலியும் சந்தித்திருக்கவே முடியாது, ஒருவருக்கொருவர் வெகு தொலைவில் இருந்தார்கள் என்று எடுத்துச் சொல்லி, தாத்தாவின் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம். இதற்கு ராண்டல் தன் சாட்சியத்தையும் சேர்க்கிறார்: பழைய கணக்கேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பிறப்புக் குறிப்பு தன் கண்ணிலேயே பட்டது என்றும், 15 மாதப் பிரிவைத் தன்னால் அப்போது நிரூபிக்க முடிந்தது என்றும், ஆனால் எப்படி நிரூபித்தோம் என்பது இப்போது நினைவில் இல்லை என்றும், அவசியம் ஏற்பட்டால் மறுபடி கண்டுபிடித்துவிடலாம் என்றும் எழுதுகிறார்.

என் பணிக்காலத்தில் இந்த வாக்கியத்தின் உறவுக்காரர்கள் பலரைச் சந்தித்திருக்கிறேன். வவுச்சர் இருந்தது, இப்போது கைக்குக் கிடைக்கவில்லை, தேவைப்பட்டால் தேடித் தருகிறோம். இப்படிப் பதில் வந்தால், தணிக்கைத் தடையை யாரும் விலக்கிக்கொள்வதில்லை. ராண்டலின் விஷயத்தில் விலக்கிக்கொண்டார்கள். இத்தனைக்கும் அது மிக எளிதாகச் சரிபார்க்கக்கூடிய கூற்று. பிறந்த தேதிகள் பண்ணைப் பதிவேட்டில் உள்ளன. ஜெஃபர்சன் எந்த நாளில் எங்கே இருந்தார் என்பது அவருடைய கடிதங்களின் தலைப்பிலும், படகுக் கூலி, விடுதிச் செலவுக் கணக்கிலும் உள்ளது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

வைத்துப் பார்ப்போம். எஸ்டன் பிறந்தது 1808 மே 21. அப்படியென்றால் கருவுற்றது 1807 ஆகஸ்ட் மாதக் கடைசியை ஒட்டி. குடியரசுத் தலைவராக இருந்த ஜெஃபர்சன், வாஷிங்டனின் கோடைக் காய்ச்சலுக்குப் பயந்து ஆண்டுதோறும் அந்தக் காலத்தில் ஊருக்கு வந்துவிடுவார். அந்த ஆண்டு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வந்து செப்டம்பர் முடியும்வரை மான்டிசெல்லோவில் இருந்தார். மாடிசன் பிறந்தது 1805 ஜனவரி 19. கணக்கு 1804 ஏப்ரல் பின்பகுதிக்குப் போகிறது. ஜெஃபர்சன் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தவர், மே இரண்டாவது வாரம்வரை அங்கேதான் இருந்தார். ஏப்ரல் 17 அன்று அவருடைய இளைய மகள் மரியா, பிரசவத்துக்குப் பின் உடல் தேறாமல் அந்த வீட்டிலேயே இறந்தார். மகள் இறந்த துக்கத்தில் இருந்தவர் இப்படி நடந்துகொண்டிருப்பாரா என்று சிலர் கேட்டார்கள்; அது ஒருவரின் மனத்தைப் பற்றிய ஊகம், இருப்பிடத்தைப் பற்றிய பதிவுக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. 1801-ல் பிறந்த ஹாரியட்டுக்கும், 1798-ல் பிறந்த பெவர்லிக்கும், குழந்தையிலேயே இறந்துபோன மற்ற இருவருக்கும் இதே கணக்குதான். ஜெஃபர்சன் அந்த ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் வீட்டில் இல்லை. ஆனால், தெரிந்த ஆறு பிள்ளைகளில் ஒருவர்கூட, அவர் இல்லாத காலத்தில் கருவானதாகத் தெரியவில்லை. 15 மாதப் பிரிவு என்பது எந்தப் பிள்ளைக்கும் பொருந்தவில்லை.

இதை அச்சில் எடுத்துச் சொன்னவர் வின்த்ராப் ஜார்டன் என்ற வரலாற்றாசிரியர், 1968-ல். அவர் பயன்படுத்திய தேதிகள், இந்த உறவை உறுதியாக மறுத்து வந்த டூமாஸ் மலோன் தன் ஆறு தொகுதி வாழ்க்கை வரலாற்றுக்காகத் தொகுத்த காலவரிசையிலிருந்து வந்தவை. மறுப்பவரின் ஏடே மறுப்பைக் கவிழ்த்தது. மலோன் மட்டமான ஆய்வாளர் அல்லர். தேதிகளை அவ்வளவு துல்லியமாகத் தொகுத்திருக்காவிட்டால், இன்னொருவர் அதை எடுத்துக் கணக்குப் போட்டிருக்க முடியாது. அவர் சரிபார்க்காதது ஜெஃபர்சன் குடும்பத்தின் சொல்லை மட்டும்தான். அதுவும், சரிபார்க்க வேண்டிய ஒன்றாக அது அவருக்குத் தோன்றாததால்.

அடுத்த தரப்பின் வாக்குமூலம் 1873 மார்ச் 13 அன்று ஒகையோ மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் வந்தது. சொன்னவர் மாடிசன் ஹெமிங்ஸ். அப்போது அவருக்கு 68 வயது, தொழில் தச்சு. தாய் பிரான்சில் கருவுற்றார். பிரான்சில் அவர் சுதந்திரம் கோரியிருக்கலாம் என்பதால் ஊர் திரும்ப மறுத்தார். தனக்குச் சலுகைகளும், பிறக்கும் பிள்ளைகளுக்கு 21 வயதில் விடுதலையும் தருவதாக ஜெஃபர்சன் வாக்குக் கொடுத்தபின் திரும்பினார். அந்த முதல் குழந்தை சிறிது காலமே வாழ்ந்தது. பின்னர் பிறந்து வளர்ந்த நால்வருக்கும் ஜெஃபர்சனே தந்தை. இதுதான் சாரம். தந்தை தங்களிடம் அன்பாக நடந்துகொண்டதில்லை என்றும், வெள்ளைக்காரப் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் பாசம் காட்டினார் என்றும் எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறார். உள்ளூரிலிருந்த எதிர்க்கட்சிப் பத்திரிகை உடனே பாய்ந்தது: புகழ்பெற்றவர்களைத் தந்தை என்று உரிமை கொண்டாடுவது கறுப்பர்களின் வழக்கம் என்று எழுதியது. இந்த ஏளனமே, கொஞ்சம் கண்ணியமான சொற்களில், அடுத்த நூறு ஆண்டுகள் பேராசிரியர்களின் அடிக்குறிப்புகளில் வாழ்ந்தது. பேட்டி எடுத்த ஆசிரியர் அரசியல் நோக்கம் கொண்டவர், அவர் சொல்லிக்கொடுத்ததை முதியவர் ஒப்பித்தார் என்பது அவர்களுடைய விளக்கம். ஆனால் பேட்டிக்கு மூன்றாண்டுகள் முன்பே, 1870 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மாடிசனின் பெயருக்குப் பக்கத்தில் இவர் தாமஸ் ஜெஃபர்சனின் மகன் என்று கணக்கெடுப்பாளர் எழுதி வைத்திருக்கிறார்.

மாடிசன் சொன்னதையும் அதே கண்டிப்போடு சோதிக்க வேண்டும் அல்லவா? சோதித்தால் ஒரு பிழை உண்டு. தாய் பிரான்சில் இருந்தது சுமார் 18 மாதங்கள் என்கிறார். உண்மையில் 1787 ஜூலை முதல் 1789 செப்டம்பர் கடைசிவரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேல். தான் பிறப்பதற்கு முன் நடந்ததைக் கேள்விப்பட்டுச் சொல்பவருக்கு இந்த அளவு சறுக்கல் இயல்பு. தன் கண்முன் நடந்தவற்றில் அவர் சறுக்கவில்லை. ஜான் ஹெமிங்ஸ் என்ற தன் தாய்மாமனிடம் தச்சுத் தொழில் கற்றதாகச் சொல்கிறார். ஜெஃபர்சனின் 1826 உயிலின் பிற்சேர்க்கையில், மாடிசனும் எஸ்டனும் அந்த ஜானிடம் தொழில் பழகுநராக இருந்து, 21 வயதில் விடுதலை பெற வேண்டும் என்று இருக்கிறது. பெவர்லியும் ஹாரியட்டும் ஊரைவிட்டுப் போய் வெள்ளையர்களாக வாழ்ந்தார்கள் என்கிறார். பண்ணைப் பதிவேட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் 1822-ல் ஓடிப்போனதாகக் குறிப்பு இருக்கிறது. "ஓடிப்போன" ஹாரியட்டுக்கு, ஜெஃபர்சன் சொல்லியதன் பேரில் 50 டாலரும் ஃபிலடெல்ஃபியாவுக்கு வண்டிக் கட்டணமும் கொடுத்து அனுப்பியது தான்தான் என்று பண்ணை மேற்பார்வையாளர் எட்மண்ட் பேக்கன் பிற்காலத்தில் சொன்னார். தன் வாழ்நாளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்த ஒருவர், சட்டப்படி விடுவித்தோ, போக விட்டோ, பிள்ளைகள் அனைவருக்கும் விடுதலை தந்த ஒரே தாய் சாலி ஹெமிங்ஸ். மற்றவர்களில் 130 பேர், ஜெஃபர்சனின் கடனை அடைக்க 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் ஏலம் போனார்கள்.

அந்தப் பேக்கனின் வாக்குமூலமே மறுப்பாளர்களுக்குப் பிடித்த சாட்சியமாகவும் இருந்தது. ஹாரியட்டுக்குத் தந்தை வேறொருவர், அவர் விடியற்காலையில் சாலியின் அறையிலிருந்து வெளியே வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஹாரியட் பிறந்தது 1801. பேக்கன் மேற்பார்வையாளராகச் சேர்ந்தது 1806. மேற்கொண்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒப்பீட்டை முழுமையாக, ஒவ்வொரு வாக்குமூலமாக எடுத்துச் செய்தவர் அனெட் கார்டன்-ரீட் என்ற சட்டப் பேராசிரியர். 1997-ல் வந்த அவருடைய நூல் ஜெஃபர்சன்தான் தந்தை என்று நிறுவ முனையவில்லை. இரு தரப்புச் சாட்சியங்களை வரலாற்றாசிரியர்கள் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதைத்தான் ஆராய்ந்தது. வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களின் கோப்பைத் தணிக்கை செய்ய ஒரு வழக்கறிஞர் வர வேண்டியிருந்தது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒரு மனிதரோடு இருபது முப்பது ஆண்டுகள் காகிதத்தில் குடித்தனம் நடத்துபவர்களுக்கு, "என் ஜெஃபர்சன் அப்படிப்பட்டவர் அல்லர்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. குணநலனைச் சான்றாகக் காட்டும் அந்த வாதம், ஆவணத்தைச் சான்றாகக் காட்டும் வாதத்தைவிட வலுவாக இருந்த காலம் நீண்டது.

மறு ஆண்டு, 1998 நவம்பரில், 'நேச்சர்' இதழில் மரபணு ஆய்வு வெளியானது. ஜெஃபர்சனுக்கு வளர்ந்து ஆளான, சட்டப்படியான ஆண் வாரிசு இல்லை. ஆகவே அவருடைய பெரியப்பா ஃபீல்டு ஜெஃபர்சனின் ஆண் வழியில் வந்த ஐவரிடமிருந்து, தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை எடுத்தார்கள். எஸ்டனின் ஆண் வழியில் வந்த ஒருவருடையது அதனோடு பொருந்தியது. கார் சகோதரர்களின் தாத்தா ஜான் காரின் ஆண் வழியில் வந்தவர்களுடையது பொருந்தவில்லை. பேரப்பிள்ளைகளின் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் இதழ் போட்ட தலைப்பு, அடிமைப் பெண்ணின் கடைசிக் குழந்தைக்கு ஜெஃபர்சன் தந்தை என்று அடித்துச் சொன்னது. சோதனை காட்டியது அவ்வளவு அல்ல. ஜெஃபர்சன் குலத்து ஆண் ஒருவர் எஸ்டனின் தந்தை என்று மட்டுமே அது காட்டியது. எந்த ஜெஃபர்சன் என்பதை ஒய் குரோமோசோம் சொல்லாது. அதைச் சொல்லத் தேதிகளும் வாக்குமூலங்களும் வேண்டும். ஆய்வகத்தின் முடிவு பழைய காகிதங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்பட்டதால்தான் பொருள் பெற்றது. காகிதங்களைத் தேவையற்றவை ஆக்கிவிடவில்லை.

அதே சோதனை, இன்னொரு வாய்மொழி வரலாற்றுக்குப் பாதகமாகவும் அமைந்தது. தாமஸ் உட்சன் என்பவர், பாரிசிலிருந்து திரும்பியதும் சாலிக்குப் பிறந்த முதல் மகன் என்பது அவர் வழிவந்தவர்களின் நெடுங்காலக் குடும்பச் செய்தி. உட்சன் வழியினரின் குரோமோசோம் ஜெஃபர்சன் குலத்தோடு பொருந்தவில்லை. அடிமைகளின் வாய்மொழி எப்போதும் மெய், எசமானர்களின் கடிதம் எப்போதும் பொய் என்று புதிதாக ஒரு விதி செய்துகொள்ள ஆசைப்படுபவர்கள் இந்த முடிவையும் மேசையில் வைக்க வேண்டும். அந்தக் குடும்பத்தினருக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்பது வேறு.

கார் சகோதரர்கள் விலகியதும், 1998-க்குப் பிறகு, மறுப்பாளர்கள் ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபை முன்நிறுத்தினார்கள். அவர் சுமார் 20 மைல் தொலைவில் இருந்தார். 1807 ஆகஸ்டில் அண்ணன் அவரை வீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதினார். வந்தாரா என்பதற்குப் பதிவு இல்லை. வந்திருந்தாலும் அது எஸ்டனுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற பிள்ளைகளின் கணக்கு அப்படியே நிற்கும். அதைவிட, ஏறத்தாழ 200 ஆண்டு வம்புப் பேச்சில், நண்பரோ பகைவரோ எவரும் தம்பியின் பெயரை இதில் எடுத்ததில்லை. மான்டிசெல்லோவை நிர்வகிக்கும் அறக்கட்டளை 2000 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஜெஃபர்சனே எஸ்டனின் தந்தை என்பதற்கும், ஆறு பிள்ளைகளுக்கும் அவரே தந்தையாக இருப்பதற்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று ஏற்றது. அதே ஆண்டில், ஜெஃபர்சனின் வருகை நாட்களும் ஆறு கருத்தரிப்புகளும் தற்செயலாக இப்படி ஒத்துப்போவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும் என்று மான்டிசெல்லோவின் தொல்லியலாளர் ஒருவர் புள்ளியியல் முறையில் காட்டினார். 2001-ல் அறிஞர் குழு ஒன்று மாற்றுக் கருத்தை வெளியிட்டது. அதைப் படித்தவர்களில் நானும் ஒருவன், என் எண்ணம் மாறவில்லை.

தந்தை யார் என்பது தீர்ந்தபின், சாலியின் வாழ்க்கை வரலாறு எழுத வருபவர்களுக்கு மிஞ்சுவது மிகச் சொற்பம். 14 வயதில் கடல் கடந்து போன ஒரு பெண்ணுக்கும், 44 வயதில் அவரைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டிருந்த ஒரு மனிதருக்கும் இடையில் நடந்ததைக் காதல் என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்; வன்கொடுமை என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சம்மதம் மறுக்கும் உரிமை சட்டத்தில் இல்லாதவரைப் பற்றிப் பேசும்போது முதல் சொல் எனக்குக் கூசுகிறது. ஜெஃபர்சனின் உயிலில் சாலியின் பெயர் இல்லை. மகள் மார்த்தா ராண்டால்ஃப், எழுத்தில் எதுவும் இல்லாமல், அவரைப் போக அனுமதித்தார். சார்லட்ஸ்வில் நகரில் மகன்களோடு வாழ்ந்த அவரை 1830 மக்கள்தொகைக் கணக்கு வெள்ளையர் என்று எழுதியது. 1833-ல் நடந்த தனிக் கணக்கெடுப்பு, சுதந்திரமான கலப்பினத்தவர் என்று எழுதியது. 1835-ல் இறந்தார்.

ஆய்வு இன்னும் திறந்து கிடக்கும் இடம் ஹாரியட். வாஷிங்டனில் செல்வாக்கான ஒரு வெள்ளைக்காரரை மணந்து பிள்ளைகள் பெற்றாள், அவர் பெயர் எனக்குத் தெரியும், ஆனால் சில காரணங்களால் சொல்லப்போவதில்லை என்று மாடிசன் 1873-ல் கூறிவிட்டார். 2018-ல் வெளிவந்த ஒரு நூலுக்காக அந்நகரின் திருமணப் பதிவுகளையும் குடும்பப் பெயர்களையும் சலித்துப் பார்த்த வரலாற்றாசிரியராலும் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒய் குரோமோசோம் மகள்களுக்குப் போவதில்லை என்பதால் 1998-ன் முறை இங்கே உதவாது. தாய்வழியாக மட்டும் இறங்கும் மைட்டோகாண்ட்ரியா மரபணு ஹெமிங்ஸ் குடும்பத்தின் தொடர்பைக் காட்டலாம். அதற்கு ஹாரியட்டிலிருந்து மகள், மகளின் மகள் என்று அறுபடாமல் வந்த ஒருவர், தான் யார் என்று தெரியாமலே, ஏதாவது ஒரு மரபணு நிறுவனத்துக்கு மாதிரி கொடுத்து, அது எலிசபெத் ஹெமிங்ஸின் மற்ற மகள்களின் வழியினரோடு ஒப்பிடப்பட வேண்டும்.